கந்தவேல் கொடுத்த சாம்பிள்

வேலம்பாளையத்தில் இருந்த அந்த பனியன் கம்பெனி எண்பத்தைந்தாம் வருடம் எக்ஸ்போர்ட்டுக்கு மாறியது. அதுவரைக்கும் அங்கே ஆண்கள் போடும் வெள்ளை பனியன்தான் தைத்தார்கள். பெட்டி பெட்டியாக அடுக்கி வடக்கே அனுப்பினார்கள். மாறிய பிறகு துணி மாறியது, நூல் மாறியது, ஆட்களின் பேச்சும் மாறியது. ஷிப்மெண்ட் என்றார்கள், பையர் என்றார்கள், பல்க் என்றார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து எல்லார் வாயிலும் உட்கார்ந்துகொண்ட சொல் சாம்பிள்.

ஒரு ஆர்டர் பிடிக்க வேண்டுமானால் முதலில் சாம்பிள் போக வேண்டும். வெளிநாட்டில் இருந்து சரக்கு வாங்கும் பையர் ஒரு படத்தையோ ஒரு பழைய சட்டையையோ அனுப்புவார். அதைப் பார்த்து அதே அளவில், அதே தையலில் ஒரே ஒரு உருப்படி தைத்து அனுப்ப வேண்டும். அது அங்கே பிடித்துப்போனால் முப்பதாயிரம் பீஸுக்கு ஆர்டர் வரும். அந்த மொத்தச் சரக்குக்குப் பெயர் பல்க். பிடிக்காவிட்டால் அந்த ஆர்டர் பக்கத்துத் தெருக் கம்பெனிக்குப் போய்விடும்.

அந்த ஒற்றை உருப்படியைத் தைக்கும் ஆளாக கந்தவேல் ஆனார்.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. இருபது வயதில் தறிக்குழியை விட்டு ஏறி, பஸ் பிடித்துத் திருப்பூருக்கு வந்தவர். நூல் என்றால் அவருக்கு விரல் நுனியில் தெரியும். இழுவை கூடினாலும் குறைந்தாலும் மிஷின் ஓடும் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். முதலாளி அவருக்கென்று ஒரு மூலையைப் பலகை வைத்துத் தடுத்து, இரண்டு மிஷின்களும் ஒரு இஸ்திரி மேசையும் போட்டுக் கொடுத்தார். அதற்கு சாம்பிள் ரூம் என்று பெயர். வெளியே மிஷின்களை வரிசையாகப் பொருத்திய பவர் டேபிளில் நாற்பது டெய்லர்கள் ஒரே சமயத்தில் மிஷினை மிதித்தால் கட்டடமே அதிரும். உள்ளே கந்தவேல் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் காய்ந்த பிறகுதான் துணியைத் தொடுவார். வெற்றிலை போடமாட்டார். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் துணியைத் தொடமாட்டார். வெறுமனே அளவுத்தாளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தைத்து முடித்ததும் உள்புறத்தை வெளியே திருப்பி, தொங்கும் நூல்களை ஒவ்வொன்றாக நறுக்குவார். உள்ளங்கையை லேசாக நனைத்து, துணிமேல் தடவிப் பஞ்சை எடுப்பார். டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். பிறகு எடுத்துக்கொண்டு வெளியே வருவார். வந்து நிற்கும் இடம் மருதம்மாளின் செக்கிங் மேசை.

மருதம்மாள் அவருடைய மனைவி. கல்யாணமான மூன்றாம் வருடத்தில் அதே கம்பெனியில் செக்கிங்குக்குச் சேர்ந்தாள். கறை, ஓட்டை, விட்டுப்போன தையல் எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. சாம்பிளும் அவள் கை பட்டுத்தான் போக வேண்டும் என்பது முதலாளி வைத்த விதி. அந்த விதியை வைத்துக் கம்பெனியில் கேலி பேசாத ஆள் கிடையாது.

"ஏனுங்க்கா, ஊட்டுல கோவம்னா இங்க ஸ்டிக்கர் ஒட்டிப் பழி வாங்கிப்போடுவீங்களா?" என்பார் சூப்பர்வைசர் ராசப்பன்.

"ஒட்டற மாதிரி அவரு தெச்சாத்தானே ஒட்டறதுக்கு," என்பாள் மருதம்மாள், தலை நிமிராமல்.

எட்டு வருடத்தில் இரண்டே முறைதான் ஒட்டியிருக்கிறாள். இரண்டாவது முறை, ஒரு குழந்தைச் சட்டையின் கழுத்தோரம் கடுகளவு ஒரு மஞ்சள் புள்ளி. மிஷின் எண்ணெய் தெறித்ததாக இருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் பெட்ரோல் தொட்டுத் துடைத்து அனுப்பியிருப்பார்கள். கந்தவேல் அந்தச் சட்டையை வாங்கிக்கொண்டு போய், கத்தரியால் இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று தைத்தார். அன்று பொழுது சாய வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் தண்ணீர் குடித்துக்கொண்டே, "நல்லவேளை பாத்தே, மருதா," என்றார்.

சாம்பிள் என்ற சொல் கம்பெனிக்குள் நிற்கவில்லை. மருதம்மாள் குழம்புக் கரண்டியை நீட்டி, "சாம்பிள் பாருங்க," என்பாள். நாக்கில் வைத்துவிட்டு, "உப்புப் பத்தலை, ரிஜெக்ட்டு," என்பார் கந்தவேல். மகள் ஞானாம்பாள் தீபாவளிக்கு நான்கு நாள் முன்னாலேயே, "ஒரே ஒரு சாம்பிள் வெடிப்பா," என்று கெஞ்சுவாள். கம்பெனியில் இரண்டு டெய்லர்கள் கைகலந்தபோது, ஒரு அறை விட்டவன், "இது சாம்பிள்தான்டா, பல்க்கு சாயங்காலம் வருது," என்றான். அடி வாங்கியவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கட்டிங் மாஸ்டர் மாரப்பன் தன் சம்சாரத்தைப் பற்றி, "பொண்ணு பாக்கப் போனப்ப சாம்பிள் நெம்ப நல்லாத்தான் இருந்துச்சு. பல்க்குலதான் ஏமாந்துபோட்டேன்," என்பார். அந்தம்மாவின் காதுக்கு அது எட்டியபோது, "சாம்பிள் பாக்க வந்த மூஞ்சியப் பாரு," என்று சொல்லி அனுப்பினாள்.

எங்கே எப்படிச் சொன்னாலும் அதற்குள் ஒரு பொதுவான புரிதல் இருந்தது. சாம்பிள் என்பது எப்போதும் நடப்பது அல்ல; கவனம் எடுத்துச் செய்தால் நம்மால் எவ்வளவு முடியும் என்று காட்டுவது. விருந்துக்கு வந்தவருக்குக் கிழிசல் இல்லாத இலையாகப் பார்த்துப் போடுவது போல. அதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை. அது மரியாதை. அந்த ஊர் தன்னுடைய அழுக்கைப் பொட்டலம் கட்டி யாருக்கும் அனுப்பியதில்லை.

கந்தவேலுக்கு இருமல் ஆரம்பித்தது தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில்.

முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பஞ்சுத் தூசிக்குள் வேலை செய்கிறவர்கள் இருமாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டு வெல்லமும் தின்றால் உள்ளே போன பஞ்சு இறங்கிவிடும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. கந்தவேலும் தின்றார். தை மாதத்தில் இருமல் நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து வந்தது. பொழுது சாய்ந்தால் உடம்பு கதகதவென்று சுட்டது. பேண்ட்டுக்குப் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டார். தெருமுனை டாக்டர் ஒரு டானிக் பாட்டிலை எடுத்துக் கொடுத்து, "இது கடையில விக்கறதில்லீங்க, கம்பெனிக்காரன் குடுத்துட்டுப் போன சாம்பிள்," என்றார்.

"சாம்பிள்னா நல்ல சரக்காத்தான் இருக்கும்," என்றார் கந்தவேல் வீட்டுக்கு வந்து, பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபடி.

டானிக் தீர்ந்தது. இருமல் தீரவில்லை. பங்குனியில் ஒருநாள் அவருடைய கைக்குட்டையைத் துவைக்கும்போது மருதம்மாள் சிவப்பாக ஒரு கோடு கண்டாள். கல்லில் வைத்துத் தேய்த்தாள். போய்விட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடி இருந்தது. அன்றைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே இருந்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். எத்தனை நாளாக இருமல், சாயந்தரம் காய்ச்சல் அடிக்கிறதா, எடை குறைந்ததா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாங்க என்றார் கந்தவேல்.

"சளி டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம். காலையில எந்திரிச்ச உடனே எடுக்கோணும். நல்லா இருமி எடுத்து, அந்த சாம்பிளை லேப்ல குடுத்துருங்க. அதுல ஒண்ணும் தெரியலீன்னாலும் இருமல் நிக்காம இருந்தா ரெண்டு வாரத்துல திரும்ப வாங்க. எக்ஸ்ரே படம் எடுத்துப் பாக்கலாம்."

லேப்பில் ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், தலையில் மல்லிகைப்பூ வைத்திருந்தாள். மூடி போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் கந்தவேலின் பெயரை எழுதி ஒட்டிக் கொடுத்தாள். அடுத்தவரைக் கூப்பிட்டாள். வரிசை வராந்தாவைத் தாண்டி மரத்தடி வரைக்கும் நின்றது.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது கந்தவேல் கேட்டார். "அந்த டி.பி. நோவா இருந்தா கம்பெனியில வெச்சுக்குவாங்களா?"

"அந்த நோவா இருந்தாத்தானே. முன்னாடியே என்னத்துக்கு அதையப் பேசறீங்க?"

"குழந்தைகளுக்குத் தெக்கற துணி, மருதா. நானே இருமிக்கிட்டுத் தெச்சா எப்படிக் குடுப்பாங்க?"

அவர் சொன்னது சரிதான். இருமுகிற ஆளுக்கு சாம்பிள் ரூம் கிடைக்காது. அந்த அறையை விட்டு அவரை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. டப்பாவை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் இருந்தபோது கந்தவேல் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இருமினார். உள்ளே காப்பித் தண்ணி வைத்துக்கொண்டிருந்த மருதம்மாளுக்கு அந்த இருமல் தரையைத் தோண்டுவது போலக் கேட்டது. வெகுநேரம் இருமினார். பிறகு சத்தம் நின்றது.

"மருதா, சித்த இங்க வா."

போனாள். டப்பாவை நீட்டினார். உள்ளே மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டியாகக் கிடந்தது. நடுவில் நூல் இழை போல ஒரு சிவப்பு.

"இதுதான் வந்துது," என்றார். பள்ளிக்கூடத்தில் கையெழுத்து மோசமாகப் போன பையனைப் போல முகத்தை வைத்திருந்தார்.

மருதம்மாள் அதை வாங்கி, கீழ்வானத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ஒரு நாளைக்கு ஆயிரம் உருப்படி பார்க்கும் கண். நேராகப் போய் அந்தச் சிவப்பில் நின்றது.

"கருமம். இதையக் கொண்டுபோயா குடுக்கறது?"

"எனக்கும் அதுதான் ஒருமாதிரி இருக்குது."

"அந்தப் புள்ளை பூ வெச்சுக்கிட்டு, சுத்தபத்தமா உக்காந்திருக்குது. காலங்காத்தால இதையத் தொறந்து பாத்துட்டு அது சோறு திங்குமா? என்ன சனமோன்னு நெனைக்காதா?"

"நெனைக்கும்."

"ரத்தம் வேற இருக்குது பாருங்க."

இரண்டு பேரும் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மருதம்மாள் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கொட்டிட்டு வேற எடுங்க. வாயை நல்லாக் கொப்புளிச்சுட்டு, சுத்தமா எடுங்க."

கந்தவேல் சாக்கடையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். டப்பாவை சோப்புப் பவுடர் போட்டுக் கழுவி, வெட்டி மிஞ்சிய ஒரு வெள்ளைக் கட்டிங் துணியால் உள்ளேயும் வெளியேயும் துடைத்தார். உப்புத் தண்ணீரில் மூன்று முறை வாய் கொப்புளித்தார். இருமல் வந்தபோது அதை விழுங்கிக்கொண்டார். அப்புறம் டப்பாவை வாயருகே வைத்து மெதுவாகத் துப்பினார். தெளிவாக, மேலே கொஞ்சம் நுரையோடு, தண்ணீர் போல இருந்தது. மூடியின் விளிம்பைத் துடைத்து மூடினார். மருதம்மாளிடம் காட்டினார்.

"இப்பப் பரவால்லீங்க," என்றாள்.

கம்பெனியில் பீஸ் போடும் பாலிதீன் கவரில் ஒன்றை எடுத்து, அதில் டப்பாவை வைத்து, வாயை மடித்து ஒட்டினார். அவர் கையால் போன எந்த சாம்பிளும் கவர் இல்லாமல் போனதில்லை.

மூன்றாம் நாள் ரிசல்ட் வாங்கப் போனார்கள். அந்தப் பெண் நோட்டில் விரலை ஓட்டிப் பெயரைத் தேடினாள். "கந்தவேல், வயசு முப்பத்தெட்டு. நெகட்டிவ்."

"அப்படின்னா என்னுங்க?" என்றாள் மருதம்மாள்.

"கிருமி இல்லீங்க."

மருதம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வெளியே வந்து ஆளுக்கொரு டீ குடித்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை சிவன்மலைக்குப் போய்த் தேங்காய் உடைத்தார்கள். படி ஏறும்போது கந்தவேல் ஆறு இடத்தில் உட்கார்ந்தார். வெயில் என்றார்.

கம்பெனியில் ராசப்பன் எல்லோருக்கும் கேட்கும்படி, "கந்தவேலண்ணன் சாம்பிள் என்னிக்கு ரிஜெக்ட்டு ஆயிருக்குது?" என்றார். நாற்பது டெய்லர்களும் சிரித்தார்கள். கந்தவேலும் சிரித்தார். சிரிப்பு இருமலாகத் திரும்பிச் சாம்பிள் ரூம் வரைக்கும் போனது.

இருமல் நிற்காவிட்டால் இரண்டு வாரத்தில் வரச் சொன்னது அவர்களுக்கு மறக்கவில்லை. போகவில்லை, அவ்வளவுதான். சீசன் தொடங்கியிருந்தது. கிருமி இல்லை என்று நோட்டில் எழுதிவிட்ட பிறகு மறுபடியும் போய் நின்றால் அந்த டாக்டரையே நம்பாதது போல ஆகும் என்றார் கந்தவேல். மருதம்மாளும் வற்புறுத்தவில்லை. பாஸான உருப்படியைத் திரும்பப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் செக்கிங்கில் கிடையாது.

வைகாசி போனது, ஆடி போனது. கந்தவேலின் கன்னம் உள்ளே போய், பற்கள் பெரிதாகத் தெரிந்தன. ஞானாம்பாள் பக்கத்தில் படுத்தால், "அக்கட்டால படு கண்ணு, அப்பனுக்கு வேர்க்குது," என்று தள்ளிப் படுக்கச் சொன்னார். மிஷினில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அரை மணி நேரம் சுவரில் சாய வேண்டியிருந்தது. ஆனாலும் சாம்பிள் நிற்கவில்லை. முன்பு ஒரு நாளில் தைத்ததை மூன்று நாளில் தைத்தார். அது மருதம்மாளின் மேசைக்கு வந்தபோது ஸ்டிக்கர் ஒட்ட ஒரு குறையும் இருக்கவில்லை.

கார்த்திகையில், பிறந்த குழந்தைக்கான ஒரு வெள்ளைச் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். மதியம் மூன்று மணி இருக்கும். சாம்பிள் ரூமிலிருந்து மிஷின் சத்தம் பாதித் தையலில் நின்றது. பாதித் தையலில் மிஷினை நிறுத்துகிற ஆள் இல்லை அவர். மருதம்மாள் எழுந்து ஓடினாள். கந்தவேல் நாற்காலியை விட்டுக் கீழே, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தன் சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கைகளாலும் தூக்கி வாயில் பொத்திக்கொண்டிருந்தார். சட்டை முழுக்கச் சிவப்பு. இருமல் வந்த கணத்தில் துணியை விட்டுத் திரும்பியிருக்கிறார். மிஷினில் ஊசி குத்தியபடியே நின்ற அந்தக் குழந்தைச் சட்டையில் ஒரு துளிகூடத் தெறித்திருக்கவில்லை. மிச்சத் தையலை வேறொரு டெய்லர் போட்டு முடிக்க, அன்று சாயங்காலமே அது கூரியரில் போனது.

கம்பெனி வேனிலேயே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் மாட்டி மருதம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார். மேலே இரண்டு பக்கமும் பூச்சி அரித்த துணி போல இருந்தது.

"இது இன்னிக்கு நேத்து வந்ததில்லம்மா. ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். அப்பவே தெரிஞ்சிருந்தா ஆறேழு மாசம் மாத்திரையில சரி பண்ணியிருக்கலாம். ஏன் இவ்வளவு நாள் பாக்கலை?"

"பாத்தமுங்க. சளி டெஸ்ட்டு எடுத்தாங்க. ஒண்ணுமில்லைன்னாங்க."

டாக்டர் எதையோ எழுதினார்.

வார்டில் நர்ஸம்மா ஒருத்தி, தெற்கே நாகர்கோவில் பக்கத்துக்காரி, நடு வயதுக்காரி, அதே மாதிரி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மருதம்மாள் கையில் வைத்தாள்.

"நாளைக்குக் காலையில எடுத்து வையுங்க. எச்சிலத் துப்பித் தந்துராதீங்க, என்ன. நெஞ்சுக்குள்ள இருந்து வரணும். கெட்டியா, மஞ்சளா, ரத்தம் கலந்து இருந்தாலும் அதுதான் வேணும். ஆளுங்க வெக்கப்பட்டுட்டுத் தெளிஞ்ச தண்ணியாக் கொண்டாந்து தருவாங்க. அதுல எங்க இருந்து பூச்சி தெரியும்? சுத்தமாத் தந்தா சுத்தம்னுதான் எழுதுவாங்க."

அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். தினமும் எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொல்லிவிட்டுப் போனாள். மருதம்மாள் டப்பாவைப் பிடித்தபடி நின்றாள். கீழ்வானத்து வெளிச்சமும், அந்த வெளிச்சத்துக்கு நேராகத் தன் கை தூக்கிய டப்பாவும், தன் வாயிலிருந்து வந்த சொல்லும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கொட்டிட்டு வேற எடுங்க.

கந்தவேல் கண்ணை மூடித்தான் படுத்திருந்தார். ஆனால் தூங்கவில்லை.

"அந்தம்மா என்ன சொல்லிட்டுப் போறாங்க?"

"ஒண்ணுமில்லீங்க. டப்பா குடுத்துட்டுப் போறாங்க."

அவர் கண்ணைத் திறந்து டப்பாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"போன பங்குனியில ஒண்ணு எடுத்தமே."

"அப்ப இல்லாம இருந்திருக்குமுங்க," என்றாள் மருதம்மாள். "பொறவுதான் வந்திருக்கோணும்."

மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கந்தவேல் அதைப் பார்த்தார்.

"இருக்கும்," என்றார். "நீ பாத்துத்தானே அனுப்பிச்சே."

அதை எந்தக் குரலில் சொன்னார் என்று அவளால் அப்போதும் பிரிக்க முடியவில்லை, பிறகும் முடியவில்லை. கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. அவளுக்குத் தைரியம் சொன்னாரா, அவளைக் கேட்டாரா? நாந்தாங்க கொட்டச் சொன்னேன் என்று வாய்வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அவர் என்ன பதில் சொல்வார் என்ற பயத்தில் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் அவர் இருமி டப்பாவை நிறைத்து, உள்ளே பார்க்காமல் மூடி, அவளிடம் நீட்டினார். அவளும் பார்க்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

இருபத்துமூன்று நாள் இருந்தார். ஒவ்வொரு நாளும் அவள் நாளைக்கு என்று நினைத்தாள். மார்கழி பிறந்த நாலாம் நாள் விடியற்காலையில் உயிர் போனது. ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு முதலாளி மாலையோடு வந்தார். ராசப்பன் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மருதம்மாள் வேலைக்குத் திரும்பினாள். சாம்பிள் ரூமில் கரூர்ப் பக்கத்துக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் கொண்டுவந்து வைத்த முதல் உருப்படியில் ஐந்து இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டினாள். அவன் முகம் சிறுத்துப்போனதைக் கண்டதும் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயடியில் வெகுநேரம் நின்றாள்.

சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வந்து அவளையும் ஞானாம்பாளையும் கூட்டிப்போய்ப் படம் எடுத்துப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் மருதம்மாள், "இன்னொருக்கா எடுத்துப் பாத்துருங்க," என்றாள். தேவையில்லைம்மா என்றார் அவர். இன்னொருக்கா என்றாள். இரண்டாம் முறையும் எடுத்துப் பார்த்த பிறகுதான் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. கூடப் பிறந்தவளிடமும் சொல்லவில்லை. மேசையில் துணியைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது போல, 'நீ பாத்துத்தானே அனுப்பிச்சே' என்பதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றைந்தில் அதே லைன் வீட்டில் மூன்று வாசல் தள்ளி சாமியப்பன் இருமத் தொடங்கினார். சாயப்பட்டறையில் வேலை. அந்த இருமல் இரண்டு மாதமாக மருதம்மாளின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அது மழை இருமலும் இல்லை, தூசி இருமலும் இல்லை, நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அவருடைய மனைவி பொன்னாத்தாளிடம் இரண்டு முறை சொன்னாள். ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பொன்னாத்தாளே வாசலில் நின்று கூப்பிட்டாள். கையில் ஒரு தட்டில் லட்டு.

"மருதக்கா, எடுத்துக்குங்க. எங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. நேத்துத்தான் ரிசல்ட்டு வந்துச்சு. உசுரு வந்த மாதிரி இருக்குது."

மருதம்மாள் லட்டை எடுத்துக்கொண்டாள். தின்னவில்லை.

"என்ன டெஸ்ட்டுங்க எடுத்தாங்க?"

"சளிதானுங்க. டப்பா குடுத்தாங்க."

"அதுல என்ன குடுத்தீங்க?"

பொன்னாத்தாள் சிரித்தாள். "அதைய என்னத்துக்குங்க கேக்கறீங்க? மொதல்ல எடுத்தது கண்கொண்டு பாக்க முடியலை. நாந்தான் திட்டி, பல்லு வெளக்கீட்டு வேற எடுத்துட்டு வாங்கன்னு தாட்டிவுட்டேன்."

மருதம்மாளுக்கு லட்டு கையில் பிசுபிசுத்தது.

"பொன்னாத்தா, மறுக்கா போங்க. மொதல்ல எடுத்த மாதிரியேதான் குடுக்கோணும். அந்த அழுக்குதான் அவங்களுக்கு வேணும். இன்னிக்கே போங்க."

பொன்னாத்தாளின் முகம் மாறியது. தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க்கா, நல்ல சேதி சொல்லி வாய்க்கு இனிப்புக் குடுத்தா இப்படியா பேசறது? உங்க ஊட்டுல வந்துதுன்னா எல்லார் ஊட்டுலயும் வரோணுமாக்கும்? கவர்மெண்ட்டுல எழுதிக் குடுத்ததையே இல்லைன்னு சொல்ற அளவுக்கு நீங்க என்ன டாக்டரா?"

"நாந்தான் கொட்டச் சொன்னேன், பொன்னாத்தா."

"என்னத்த?"

"எங்க ஊட்டுக்காரர் எடுத்தத. இப்படியேதான் வாசல்ல நின்னு பாத்துட்டு, நாந்தான் கொட்டச் சொன்னேன்."

அந்த வாக்கியத்தை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. பொன்னாத்தாளுக்கு அது என்னவென்று புரியவில்லை. பித்துப்பிடித்தவளைப் பார்ப்பது போல மருதம்மாளைப் பார்த்தாள். "வேலைக்கு நேரமாச்சு, போங்கக்கா," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே சாமியப்பன் இருமினார். இருமி முடித்து, என்னவாம் என்று கேட்டார். ஒண்ணுமில்லை என்றாள் பொன்னாத்தாள்.

முக்கில் கம்பெனி வேன் வந்து நின்று ஹார்ன் அடித்தது. வேனுக்குள்ளிருந்து யாரோ, "அக்கோவ், வாங்க," என்று கத்தினார்கள். இரண்டாவது முறையும் ஹார்ன் அடித்தது. மருதம்மாள் லட்டைச் சுவரோரம் வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கதவைத் தட்டினாள். யாரும் திறக்கவில்லை. மறுபடி தட்டினாள்.